தள்ளுவண்டிக்கு நான்கு சக்கரம்

ஜனவரி 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நலமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் கடிதத்தில் தேதி இல்லாததால் எந்தத் தேதியில் நலமாக இருந்தீர்கள் என்பது தெரியவில்லை. இனி வலது மேல்மூலையில் தேதியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்கு நானும் நலம், தங்கையும் நலம். ஞாயிறுதோறும் அவள் என் வீட்டுக்கு வந்து, சமையலறையை ஒருமுறை பார்வையிட்டு, குறைகளைச் சொல்லிவிட்டுப் போகிறாள். சென்ற வாரம் நான் காப்பிக்குச் சர்க்கரையைக் கரண்டி மட்டத்துக்கு வழித்துப் போட்டதைப் பார்த்துவிட்டு, "ஏண்ணா, ஆபீஸ்லதான் ஆளுக்கு ஆள் கிராம் கணக்குல பிடுங்குறே, வீட்டுலயுமா? உன்னைக் கட்டிக்க யாரும் வராதது நல்லதாப் போச்சு" என்றாள். தாங்கள் ஊரில் இல்லாத குறையை அண்ணன்மீது தீர்த்துக்கொள்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அலுவலகத்தில் எனக்கு 'கிராம் சார்' என்று பெயர் வைத்திருப்பது தாங்கள் அறிந்ததே. அந்தப் பெயருக்கு இந்த வாரம் பலன் கிடைத்தது. விமானத்தைப் பகுதிபகுதியாகப் பெட்டியில் அடைத்துத் தங்கள் சோதனைத் தளத்துக்கு அனுப்பும் முன், கடைசி முறையாகத் தராசில் ஏற்றினோம். அனுமதித்த எடையைவிட ஒன்பது கிலோ குறைவு. எங்கள் தலைமை வடிவமைப்பாளர், பெரியவர், விமானத்தை ஒருமுறை சுற்றி வந்து, "எதையாவது மாட்ட மறந்துட்டீங்களா?" என்று கேட்டார். எதையும் மறக்கவில்லை.

இரண்டு செய்திகளை இங்கேயே தெளிவுபடுத்திவிடுகிறேன்.

முதலாவது, தாங்கள் கேட்ட சக்கரங்கள். விமானத்தின் உடலுக்கு அடியில் முன்னும் பின்னுமாக மட்டுமே சக்கரம் உண்டு. இறக்கை நுனிகளைத் தாங்கும் இரண்டு துணைச் சக்கரங்களும் தரையை விட்டு எழும்பியதும் கழன்று விழுந்துவிடும். அவற்றை நிலையாகப் பொருத்தித் தர இயலாது. ஒவ்வொரு கிலோவும் உயரத்தைத் தின்னும். நாம் வாக்களித்த உயரத்தில் பறந்தால் எந்த எதிரியாலும் தங்களைத் தொட முடியாது. அதற்குக் கீழே என்றால் முடியும். இறங்கியபின் ஒரு பக்க இறக்கை தரையில் சாயும். நுனியில் அதற்கென ஒரு தகடு இருக்கிறது.

இரண்டாவது, விமானி அறை. உள்ளே தரைமட்டக் காற்றழுத்தத்தை வைக்க வேண்டுமானால் அறையின் சுவரைத் தடிமனாக்க வேண்டும். ஆகவே மிக உயர்ந்த ஒரு மலையுச்சியில் அமர்ந்திருந்தால் என்ன அழுத்தம் இருக்குமோ, அந்த அளவே வைத்திருக்கிறோம். அந்த வரைபடத்தில் உள்ள கையெழுத்து என்னுடையது. அதற்கு ஈடாக ஒரு விதி: புறப்படும் முன் ஒரு மணி நேரம் முகமூடி வழியே தூய ஆக்சிஜன் மட்டுமே சுவாசிக்க வேண்டும். இரத்தத்தில் கரைந்துள்ள நைட்ரஜன் அதற்குள் வெளியேறிவிடும். வெளியேறாமல் மேலே போனால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் உடம்புக்குள் குமிழி கிளம்பும். நடுவில் ஒரு மூச்சு வெளிக்காற்று புகுந்தாலும் மறுபடி முதலிலிருந்து.

விதியைக் கடைப்பிடித்தால் ஒரு குறையும் வராது.

தங்கள் மைத்துனன்


ஜனவரி 29

அன்புள்ள மச்சானுக்கு வணக்கம்.

தேதி போட்டிருக்கிறேன். வலது மேல்மூலையில்தான். அடிக்கோடும் போட்டிருக்கிறேன். இன்று, இந்தத் தேதியில், நான் நலம்.

உங்கள் விமானம் பறக்கிறது மச்சான். பறக்கிறது என்பதைவிட, கீழே வர மறுக்கிறது என்று சொல்ல வேண்டும். நீள இறக்கையை வைத்துக்கொண்டு ஓடுபாதைக்கு மேலே இடுப்பளவு உயரத்தில் மிதந்துகொண்டே இருக்கிறது. இறங்கு என்றால் இறங்குவதில்லை. எனக்கோ தலைக்கவசத்துக்குள்ளிருந்து தரை தெரியாது. அதனால் இரண்டாம் விமானி ஒரு காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே விரட்டி வருகிறார், ரேடியோவில் எனக்குத் தரையைச் சொல்வதற்கு. "நாலு அடி... மூணு... மூணு... இன்னும் மூணுதான்... சார், தூங்கிட்டீங்களா? ரெண்டு... ஒண்ணு... விடுங்க!" என்கிறார். விடுகிறேன். தொப்பென்று உட்கார்கிறது. பிறகு கோபித்துக்கொண்ட குழந்தை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்கிறது. ஆட்கள் ஓடி வந்து மறுபக்க இறக்கையில் தொங்கி நிமிர்த்துகிறார்கள்.

இதைக் கேளுங்கள். முதல் தடவை இறங்கியபோது எங்கள் உணவுக்கூடத்துச் சமையல்காரர், தேநீர்த் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறார். நான் உடையைக் கழற்றிவிட்டு வந்ததும் ரொம்ப அக்கறையாக, "இவ்ளோ செலவு பண்ணிருக்கீங்க, ரெண்டு சக்கரம் சேர்த்து வாங்கிருக்கக் கூடாதா சார்? என் தள்ளுவண்டிக்கே நாலு இருக்கு" என்றார். "அதெல்லாம் எங்க மச்சான் கழட்டித் தன் வீட்டு மாடியில அடுக்கி வெச்சிருக்காருப்பா" என்றேன். அவர் நம்பிவிட்டார். "பெரிய எடத்துக் கல்யாணம் போலிருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

மேலே எப்படி இருக்கிறது என்று உங்கள் தங்கை கேட்டிருந்தாள். பட்டப்பகலில் தலைக்கு மேல் வானம் மசிக் கறுப்பு. கீழே ஆறு, சாலை, ஊர் எல்லாம் நீங்கள் மேசையில் விரித்து வைக்கும் வரைபடம் மாதிரி, ஆனால் அளவுக் குறிப்பு இல்லாமல். சத்தமே இல்லை, என் மூச்சைத் தவிர. அவளிடம் இதைச் சொல்லுங்கள், வேகமானியைச் சொல்லாதீர்கள். அந்த உயரத்தில் கொஞ்சம் வேகம் குறைந்தால் இறக்கை கைவிட்டுவிடும், கொஞ்சம் கூடினால் உதற ஆரம்பிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சைக்கிள் போகிற வேகம்தான் இடைவெளி. அந்தச் சந்துக்குள் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

முழங்காலில் மட்டும் ஒரு வலி, மேலே இருக்கும்போது வந்தது, இறங்கியதும் போய்விட்டது. ஒருவேளை, திட்டாதீர்கள், அந்த ஒரு மணி நேரத்தில் மூக்கு அரித்ததால் முகமூடியை ஒரு நொடி தூக்கிச் சொறிந்துகொண்டதால் இருக்கலாம். மூக்கு இருக்கிற எவனும் செய்வான்.

உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சமையல்காரரின் கேள்வியை அலுவலகத்தில் வாசித்துக் காட்டினேன். பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். சக்கரப் பிரிவின் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "நான் ரெண்டு வருஷமா சொல்றதைத்தானே அந்தாளும் சொல்லிருக்காரு" என்றார்.

முழங்கால் வலிக்குக் காரணம் மூக்கரிப்பு. இதில் ஐயத்துக்கு இடமில்லை. விதி மீறப்பட்டது; வலி வந்தது. மூக்கு உள்ள எவரும் செய்வார் என்பது சரியான வாதமன்று. மூக்கு உள்ளவர்களுக்காகவே அந்த விதி எழுதப்பட்டது. இனி அந்த ஒரு மணி நேரமும் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தங்கள் கைகளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாக்குக் கொடுத்து எழுத வேண்டும்.

தங்கைக்கு இம்மாத இறுதியில் நான்கு நாள் விடுப்புக் கிடைத்திருக்கிறது. அங்கு வருகிறாள். தங்கள் கறுப்பு நிறக் கம்பளிச்சட்டையைக் கொண்டுவருவாள். வானத்தைப் பற்றி எழுதியதை வாசித்துக் காட்டினேன். "அங்க போயும் சத்தமே இல்லைன்னு சந்தோஷப்படுறாரு பாரு, நான் அவ்ளோ பேசுறேனா?" என்று கேட்டாள். கடிதத்தை மடித்து உறையில் வைத்தேன்.

தங்கள் மைத்துனன்


மார்ச் 11

அன்புள்ள மச்சானுக்கு,

வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். ஒரு மாதமாக, ஒவ்வொரு முறையும், ஒரு மணி நேரம் முழுதாக. தளத்து டாக்டரின் உதவியாளர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் மூக்கு அரித்தால் அவர் சொறிந்துகொள்கிறார். எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு முக்கியமான உளவுச் செய்தி. போன வாரம் கேமராவைச் சோதிக்க உங்கள் அலுவலகத்துக்கு மேலே பறந்து படம் எடுத்தோம். படம் கழுவி வந்தது. அந்த உயரத்திலிருந்து உங்கள் வண்டி நிறுத்துமிடம் அச்சு அசலாகத் தெரிகிறது. மரத்தடியில் சாம்பல் நிறக் கார் ஒன்று கோட்டை மிதித்துக்கொண்டு நிற்கிறது, ஒரு முழம் வெளியே. வண்டிகளைக் கோட்டுக்குள் நிறுத்த வேண்டும் என்று மூன்று சுற்றறிக்கை அனுப்பியவர் யார் மச்சான்? அந்தக் கார் யாருடையது? கேமராக்காரர் படத்தைச் சுவரில் ஒட்டி வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

நீங்கள் சிரிக்கிற மாதிரி இன்னொன்று. இங்கே சமையல்காரர் ஒருவர் இருக்கிறார். நான் இறங்குவதை வேடிக்கை பார்த்துவிட்டு வந்து, "இவ்ளோ பெரிய விமானத்துக்கு ரெண்டு சக்கரம் சேர்த்து வாங்கிருக்கக் கூடாதா சார்? என் தள்ளுவண்டிக்கே மூணு இருக்கு" என்றார். "எல்லாம் எங்க மச்சான் வீட்டு மாடியில இருக்கு" என்று சொல்லிவைத்தேன். எப்படி!

அடுத்த மாதம் முதல் வாரம் உச்ச உயரப் பயணம். இதுவரை போனதெல்லாம் படிக்கட்டு, அதுதான் மாடி. அது முடிந்ததும் ஒரு வாரம் தூங்க வேண்டும். கொஞ்ச நாளாகத் தலை கனக்கிறது. வயது ஆகிறது, வேறென்ன.

உங்கள் தங்கையை ஒருமுறை இங்கே அனுப்பி வையுங்களேன். இங்கு வந்ததிலிருந்து அவளைப் பார்க்கவே இல்லை. அறை ஒழுங்காகத்தான் இருக்கிறது. கறுப்புக் கம்பளிச்சட்டைகூட எங்கிருந்தோ கிடைத்துவிட்டது.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 17

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இக்கடிதத்தை அமைதியாக, தனியே இருக்கும்போது வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கை பிப்ரவரி இறுதியில் அங்கு வந்து நான்கு நாள் தங்களோடு தங்கியிருந்தாள். கம்பளிச்சட்டையைக் கொண்டுவந்தவள் அவளே. சமையல்காரரின் கேள்வியை ஜனவரிக் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். அப்போது தள்ளுவண்டிக்கு நான்கு சக்கரம்.

இவற்றை விளையாட்டாக எழுதியிருக்கக்கூடும் என்று இரண்டு நாள் எண்ணிப் பார்த்தேன். நேற்றுத் தங்கையிடம், கடிதத்தைக் காட்டாமல், தாங்கள் தொலைபேசியில் எப்படிப் பேசுகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் கையிலிருந்த டம்ளரைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். பிறகு, "போன வாரம் பேசும்போது, 'நீ எப்பதான் இங்க வருவே?'ன்னு கேட்டாருண்ணா. கிண்டல் பண்றாருன்னு நெனச்சு நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல" என்றாள்.

ஒரு மாதமாக விதி முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் இது நேர்ந்திருக்கிறது. எனவே பிப்ரவரியில் நான் எழுதிய முடிவு தவறு. மூக்கரிப்பு காரணமன்று. குமிழிகள் இப்போது முழங்காலில் நிற்கவில்லை என்று அஞ்சுகிறேன்.

ஒரு சைக்கிளின் வேகம் என்று எழுதினீர்கள். தாங்கள் சற்றே தடுமாறினால் அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். உச்ச உயரப் பயணத்துக்குத் தாங்கள் போகக் கூடாது. போகாமலிருந்தால் மட்டும் போதாது. தளத்து டாக்டரிடம் அனைத்தையும் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் புதன்கிழமைக்குள் தாங்களே சொல்வீர்கள் என நம்புகிறேன். விமானியின் உடல்நலக் குறைவை அறிந்த எவரும் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்பது விதி. உறவினருக்கு விலக்கு இல்லை.

கோட்டை மிதித்து நிற்பது என் வண்டிதான்.

தங்கள் மைத்துனன்


மார்ச் 22

மச்சானுக்கு,

எனக்கு எழுதியது யார் என்று தெரியவில்லை. என் மனைவியின் அண்ணனா, எடைப் பிரிவின் தலைவரா? அண்ணன் என்றால் முதலில் ஃபோனை எடுத்து, "என்ன மாப்ளே, உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டிருப்பார். நீங்கள் என் கடிதங்களை அடுக்கி வைத்துச் சக்கரத்தை எண்ணியிருக்கிறீர்கள்.

உங்கள் தங்கை வந்தாள், போனாள். எனக்கு நினைவிருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எல்லாமே நினைவுக்கு வந்துவிட்டது. ஏதோ அசதியில் எழுதினால் அதற்கு இத்தனை பெரிய தீர்ப்பா?

டாக்டரிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அன்றோடு சரி. எத்தனை வருடம் பறந்தேன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். உங்கள் தங்கையைக் கட்டிக்கொள்கிறேன் என்று நான் வீடு தேடி வந்த அன்றைக்கே என் எடை எவ்வளவு என்று கேட்டவர் நீங்கள். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். இத்தனை வருடம் நீங்கள் குறைக்கச் சொன்னதையெல்லாம் குறைத்துக்கொண்டேன். சக்கரத்தை எடுத்தீர்கள், சரி என்றேன். அறைக்குள் காற்றை எடுத்தீர்கள், சரி என்றேன். கடைசியில் என்னையே எடுத்துவிட்டால் இன்னும் எழுபது கிலோ மிச்சம், இல்லையா?

ஒரே ஒரு பயணம் கேட்கிறேன். உச்ச உயரத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு வந்து நானே டாக்டரின் கதவைத் தட்டுகிறேன். அதுவரை வாயைத் திறக்காதீர்கள். உங்கள் தங்கையிடமும்.

நான் யாரிடமும் இதுவரை இப்படிக் கேட்டதில்லை.

விமானி


மார்ச் 27

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

புதன்கிழமை மாலை வரை காத்திருந்தேன். தாங்கள் டாக்டரிடம் செல்லவில்லை என்று தெரிந்தது. இன்று வியாழன் காலை அவருக்கு நானே தொலைபேசியில் தெரிவித்தேன். வேறொருவர் வாயிலாகத் தாங்கள் இதை அறியக் கூடாது என்பதால் இன்றே எழுதுகிறேன்.

டாக்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, "நீங்க அவருக்கு என்ன உறவு?" என்றார். சொன்னேன். "அப்ப இனிமே உங்க வீட்டுப் பக்கம் அவர் வரமாட்டாரே" என்றார். அந்தச் சாத்தியத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டே பேசுகிறேன் என்றேன்.

தங்கையிடமும் சொல்லிவிட்டேன். அழவில்லை. "நீ சொல்லலைன்னா நான் சொல்லியிருப்பேன். ஆனா நீ சொன்னதை அவரு மன்னிப்பாரு, நான் சொன்னா மன்னிக்கமாட்டாரு. அதனால நீயே கெட்ட பேரு வாங்கிக்கோ" என்றாள். அவள் கணக்கு சரியா என்று எனக்குத் தெரியவில்லை.

தாங்கள் அறிய வேண்டியது இன்னொன்று. நேற்றைய கூட்டத்தில் விமானி அறையின் சுவரைத் தடிமனாக்கவும், உள்ளே அழுத்தத்தை உயர்த்தவும் கூடுதல் எடைக்கு அனுமதி கேட்டேன். பெரியவர் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தார்.

"யாரு, நீங்களா கேக்குறீங்க? நாப்பது கிலோவா?"

"நாற்பத்திரண்டு" என்றேன்.

சக்கரப் பிரிவுத் தலைவர் எழுந்தேவிட்டார். "ஒரே ஒரு போல்ட்டுக்கு என்கூட ரெண்டு மாசம் சண்டை போட்டீங்களே சார்! அந்த போல்ட்டு எத்தனை கிராம்னு ஞாபகம் இருக்கா?"

நினைவிருந்தது; சொன்னேன். அவருக்கு இன்னும் கோபம் வந்தது.

இந்த எடையைச் சேர்த்தால் உயரம் எவ்வளவு குறையும் என்று பெரியவர் கேட்டார். வாக்களித்ததற்குக் கீழே போகும் என்றேன். "அப்படின்னா வாங்குறவங்க இந்த விமானத்தை வேண்டாம்னு சொல்லலாம், தெரியுமில்ல?" என்றார். தெரியும். விமானியின் மூளைக்குக் கேடு செய்யும் அறையை வைத்துக்கொண்டு அடையும் உயரம் விமானத்தின் உயரமன்று, கடன் வாங்கிய உயரம் என்றேன். முடிவு ஒத்திவைக்கப்பட்டது.

தாங்கள் வேண்டிக் கேட்டதை மறுத்தேன். கேட்டவர் வேறெவராக இருந்திருந்தாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்கமாட்டேன். தாங்கள் என்பதால் புதன்வரை காத்திருந்தேன். அந்த நாட்களில் தாங்கள் ஒருமுறை பறந்தீர்கள் என்று பிறகு அறிந்தேன். அவ்வளவே நான் செய்த சலுகை. அதுவும் செய்திருக்கக் கூடாதது.

தங்கள் மைத்துனன்


மே 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஏப்ரலில் எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை. எதிர்பார்த்து எழுதவில்லை; செய்தி சொல்லவே எழுதுகிறேன்.

தங்கை வேலையை விட்டு அங்கேயே வந்துவிட்டது சரியான முடிவு. வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறாள். வாரம் ஒருமுறை சன்னல்களைத் திறந்து வைக்கிறேன். குளியலறைக் குழாயில் கசிவு இருந்தது, வளையத்தை மாற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் சமையலறையைக் குறை சொல்ல ஆளில்லை. ஒழுங்காக இருக்கிறது.

இரண்டாம் விமானி சென்ற மாதம் டாக்டரிடம் தாமாகவே சென்று, தமக்கும் முழங்காலில் வலி வருவதாகச் சொன்னாராம். பயந்து மறைத்து வைத்திருந்தாராம். தங்களுக்கு நேர்ந்ததைக் கண்டபின் சொல்லத் துணிந்தாராம். அந்த அறிக்கை வந்த மறுநாள் பெரியவர் என்னை அழைத்தார். "எத்தனை சொன்னீங்க, நாப்பத்திரண்டா?" என்றார். மறுபடி கணக்கிட்டதில் முப்பத்தெட்டரை போதும் என்றேன். "நீங்க திருந்தவே மாட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்திட்டார். புதிய அறை தயாராகிறது. வாங்குபவர்கள் குறைந்த உயரத்தை ஏற்றுக்கொண்டார்கள், முணுமுணுப்போடு.

விமானியின் இருக்கைக்கு எதிரே தங்கள் உயரத்துக்கென அமைத்த கால்தாங்கியை யாரும் மாற்றவில்லை. மாற்றச் சொல்லி ஒரு கோரிக்கை வந்தது. எடை காரணமாக நிராகரித்தேன்.

தங்கள் மைத்துனன்


அன்புள்ள மச்சானுக்கு,

ரொம்ப நாளாயிற்று. எழுத வேண்டும் என்று உங்கள் தங்கை தினமும் சொல்கிறாள். பேனாவையும் தாளையும் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைக்க ஆரம்பித்துவிட்டாள். வேறு வழியில்லை.

நீங்கள் செய்தது சரி என்று என்னால் எழுத முடியாது. தப்பு என்று எழுத நான்கு தடவை உட்கார்ந்தேன், அதுவும் முடியவில்லை. இத்தோடு அதை விட்டுவிடுவோம்.

எனக்கு இங்கே புது வேலை கொடுத்திருக்கிறார்கள். இப்போது காரில் விரட்டுகிறவன் நான். இரண்டாம் விமானி இறங்கும்போது பின்னாலேயே பறந்துபோய் அவருக்குத் தரையைச் சொல்கிறேன். "நாலு... மூணு... அவசரப்படாதே... மூணு... ரெண்டு... ஒண்ணு... விடு." விடுகிறார். பூ மாதிரி உட்கார வைக்கிறார். என்னைவிட நன்றாக இறக்குகிறார் என்று அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். புது அறை வந்ததிலிருந்து அவருக்கு முழங்கால் வலி இல்லையாம். இறங்கி வந்ததும் வாய் ஓயாமல் பேசுகிறார். நானெல்லாம் இறங்கியதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன் என்று உங்கள் தங்கை சொல்கிறாள்.

டாக்டர் மாதம் ஒருமுறை என் தலையைப் படம் எடுத்துப் பார்க்கிறார். இதற்கு மேல் மோசமாகாது என்கிறார். போனதில் கொஞ்சம் திரும்பலாம், கொஞ்சம் திரும்பாது என்கிறார். எது போனது என்று எனக்கே தெரியாதபோது எது திரும்பியது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றார்.

இதைக் கேட்டால் நீங்கள் நிச்சயம் சிரிப்பீர்கள். நேற்று விமானம் இறங்கிச் சாய்ந்து நின்றபோது எங்கள் சமையல்காரர் தேநீர்த் தள்ளுவண்டியோடு வந்து என் காருக்குப் பக்கத்தில் நின்றார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவ்ளோ செலவு பண்ணிருக்காங்க, ரெண்டு சக்கரம் சேர்த்து வாங்கிருக்கக் கூடாதா சார்? என் தள்ளுவண்டிக்கே நாலு இருக்கு" என்றார். எனக்குச் சட்டென்று என்ன தோன்றியது தெரியுமா? "அதெல்லாம் எங்க மச்சான் வீட்டு மாடியில பத்திரமா இருக்குப்பா" என்றேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அங்க இருந்தா சரி சார்" என்று சொல்லி, எனக்கு ஒரு தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

உங்களுக்கு எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

உங்கள் மாப்பிள்ளை


செப்டம்பர் 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தங்கள் கடிதம் நேற்று வந்தது. இருமுறை வாசித்தேன்.

இங்கு நலம். மழைக்கு முன் தங்கள் வீட்டு மொட்டைமாடியைச் சுத்தம் செய்து தண்ணீர் போகும் வழியைத் திறந்துவிட்டேன். தங்கையிடம் சொல்லவும். சர்க்கரையை இப்போதும் வழித்துத்தான் போடுகிறேன் என்பதையும் சொல்லவும்; கேட்பாள்.

இரண்டாம் விமானிக்குத் தரையைச் சொல்வதற்குத் தங்களைவிடத் தகுந்தவர் இல்லை. சென்ற மாதம் அவர் எங்கள் அலுவலகத்துக்கு மேலே எடுத்த படத்தைப் பெரியவர் எனக்குக் காட்டினார். உயரம் சற்றுக் குறைந்ததால் படம் முன்னிலும் தெளிவாக இருக்கிறது. சாம்பல் நிறக் கார் கோட்டுக்குள் நிற்கிறது. கேமராக்காரரிடம் அந்த வட்டத்தை அழித்துவிடச் சொல்லுங்கள்.

சமையல்காரர் கேட்டதாக எழுதியிருந்தீர்களே, வெகுநேரம் சிரித்தேன். இன்று காலை அலுவலகத்தில் பெரியவரிடமும் சக்கரப் பிரிவுத் தலைவரிடமும் சொன்னேன், அவர்களும் சிரித்தார்கள். இப்படி ஒரு கேள்வியை இதுவரை எவரும் கேட்டு நான் அறிந்ததில்லை. இன்றுதான் முதன்முறையாகக் கேட்கிறேன்.

சக்கரங்கள் மாடியில் பத்திரமாக இருக்கின்றன என்று அவரிடம் சொல்லவும்.

தங்கள் அன்பு மைத்துனன்